லெஃப்ட் கார்னரின் தாள்

கவர் மடியில்தான் இருக்கிறது. ஒட்டவில்லை. ஒட்டி வையுங்கள் என்று அந்த ஆராய்ச்சிப் பொண்ணு சொன்னாள், ஒட்டாதே என்று கோச் சார் சொன்னார், இரண்டு பேரிடமும் சரி சரி என்று தலையாட்டினேன், எனக்கு இருக்கிறது ஒரு தலை. முன்னால் முருங்கைக்கீரை குவிந்து கிடக்கிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு, ரத்தம் ஊற வேண்டும் என்று சார் எழுதிப் போட்டிருக்கிறார், செவ்வாய்க்கிழமை கீரை, வியாழக்கிழமை ஆளுக்கு இரண்டு முட்டை. இந்த வியாழக்கிழமை முட்டை வேக வைக்க வேண்டாம், அன்றைக்குக் கபடி டீம் முழுக்கத் தூத்துக்குடிக்கு மேட்சுக்குப் போய்விடும். கை தன் போக்கில் உருவுகிறது, இலை ஒரு பக்கம், ஈர்க்கு ஒரு பக்கம். பிள்ளை ஸ்டோர் ரூமில் தூங்குகிறாள், அரிசி மூட்டைகளுக்கு மேலே சேலையில் தொட்டில் கட்டிக்கொள்ள வார்டன் மேடம் விட்டதே பெரிசு, பத்து மாசப் பிள்ளையை வைத்துக்கொண்டு யார் வேலை தருவார்கள், மெஸ்ஸில் காய் நறுக்கப் பாத்திரம் கழுவ என்று என்னைச் சேர்த்துவிட்டதும் சார்தான். தங்கச்சி இங்க விளையாடுதா, நீயும் இங்கயே கெட, அவளுக்கும் தெம்பா இருக்கும் என்றார். நல்லதுதான் செய்தார். அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன், நல்லதுதான் செய்தார். சன்னலுக்கு வெளியே கிரவுண்டு. மண்ணைக் கிளறித் தண்ணீர் தெளித்துக் கோடு போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் வார்ம்அப் ஓடுகிறார்கள், பிரம்மசக்தி மட்டும் கோட்டுக்கு வெளியே இடது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். என் தங்கச்சி. முட்டி வீங்கி, இங்கிருந்து பார்த்தாலே தெரிகிறது, அந்த முட்டி அவளுடையது இல்லாதது மாதிரி, யாரோ வயசானவளின் முட்டியைக் கழற்றி மாட்டிவிட்ட மாதிரி. ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு, மூணு வாரம் கோர்ட்டுல கால் வைக்கக் கூடாது, முழுசும் கிழிஞ்சா பெறகு வெளையாட்டே இல்ல என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள்தான் ஆகிறது. காலையில் சார் அதை உற்று உற்றுப் பார்த்தார், கட்டைவிரலால் அழுத்தினார், அவள் பல்லைக் கடித்தாள். வியாழக்கிழம உன்ன எறக்கவா வேண்டாமான்னு சாயங்காலம் சொல்லுதேன் என்று போய்விட்டார். யோசிக்கிறார். யோசிக்கிற அளவுக்கு மனசு இருக்கிறது. சாயங்காலம் என்றால் எப்போது, நாலா, நாலரையா.

ஜெனிட்டா என்று பேர் சொன்னாள் அந்த ஆராய்ச்சிப் பொண்ணு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள், வெயிலில் மூஞ்சி சிவந்து போய், தோளில் பெரிய பை. கல்லூரியில் விளையாடுகிற பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட கோச் பிடிக்கும் என்று ஆராய்ச்சி செய்கிறாளாம். இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை, நான் யாரிடமும் எதுவும் கேட்கிறதில்லை, சாம்பார் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். ஆளுக்கு ஒரு தாள், ஆளுக்கு ஒரு பென்சில், பின்பக்கம் சிவப்பு ரப்பர் வைத்த பென்சில். இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டம், எப்போதும், அடிக்கடி, சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. பேர் எழுத வேண்டாம், யார் எழுதினதுன்னு யாருக்கும் தெரியாது, பயப்படாம மனசுல உள்ளத டிக் பண்ணுங்க என்றாள். பிள்ளைகள் எச்சில் கையைத் தட்டிலேயே கழுவிவிட்டு எழுத உட்கார்ந்தார்கள். ஏட்டி இங்கன பாரு, பயிற்சியாளர் வீரர்களிடம் நண்பரைப் போலப் பழக வேண்டுமான்னு கேட்டிருக்கு, என்னத்தப் போட? ஒருபோதும் வேண்டாம்னு போடுளா, பழகாமலே இந்தப் பாடு, பழகினா நம்ம கதி என்னாவும். ஒரே சிரிப்பு. வெற்றி பெற்றால் பாராட்ட வேண்டுமா. நம்ம சார் பாராட்டினா அன்னைக்கு மழ பெய்யும், எதுக்கு வம்பு, சில நேரம்னு போடு. பிரம்மசக்தி மட்டும் சிரிக்காமல் எழுதினாள். பரீட்சை எழுதுகிற மாதிரி குனிந்து, இடது கையால் தாளை மறைத்து. ஏ மூதி, உன்னதப் பாத்து எழுதி நாங்க என்ன கலெக்டராவா ஆவப்போறோம் என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். அப்போதும் சிரிக்கவில்லை. ஜெனிட்டாவுக்கு அடுத்த காலேஜுக்குப் போகப் பஸ் வந்துவிடும், என் கையில் கவரைத் தந்து, எல்லாரும் முடிச்சதும் இதுல போட்டு ஒட்டி வையுங்கக்கா, அஞ்சு மணிக்கு வந்து வாங்கிக்கிடுதேன், யாருட்டயும் காட்டிராதீங்க, உங்கள நம்பித்தான் என்றாள். என்னை நம்பி. நான் ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கூட எடுத்து வைத்தேன்.

பருக்கை காய்ந்துவிட்டது. அவள் படி இறங்கினதுமே சார் வந்தார், விசில் கழுத்தில் ஆட. என்னம்மா முப்பிடாதி, எழுதிட்டாளுவளா, நாலரைக்கு வாரேன், ஒருக்க பாத்துட்டுத் தாரேன், ஒட்டிராத. நான் சரி என்றேன். அவங்க யாருக்கும் காட்ட வேண்டாம்னு சொன்னாங்க சார் என்று சொல்ல எத்தனை வார்த்தை வேண்டும், மனசுக்குள் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன், நன்றாகத்தான் வந்தது, மனசுக்குள் எல்லாம் நன்றாகத்தான் வருகிறது, வாய் வரைக்கும் வந்து அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்துகொள்கிறது. அஞ்சாம் கிளாஸ் டீச்சர் ஸ்கேலை ஓங்கிக்கொண்டு வாயத் தொறட்டி தொறட்டி என்பாள், தெரிந்த வாய்ப்பாடு, ஏழாம் வாய்ப்பாடு, அடி விழுந்த பிறகும் வரவில்லை. பிரசவ வார்டில் நர்ஸ் கத்தினாள், வலி எங்கன்னு சொல்லும்மா, சொன்னாத்தான தெரியும். சொன்னால்தான் தெரியும். உச்சிமாகாளி சொன்னாள். போன வருஷம் ரைட் கார்னரில், வலது மூலையில், ஆடின பிள்ளை, கட்டையாகக் கறுப்பாக இருப்பாள், ஒருத்தி காலைப் பிடித்தால் விடமாட்டாள். சார் எல்லோர் முன்னாலும் பிடரியில் அடிச்சாரு என்று பிரின்சிபாலுக்குத் தாள் எழுதிக் கொடுத்தாள், பேர் போடாமல்தான் எழுதினாள், கையெழுத்தை வைத்து இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. மறுவாரம் டீம் லிஸ்டில் பேர் இல்லை. டீமில் இல்லை என்றால் விளையாட்டு சீட் இல்லை, சீட் இல்லை என்றால் ஹாஸ்டல் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெஸ் வழியாகத்தான் போனாள், எக்கா ஒரு வா தண்ணி தா என்று கேட்டுக் குடித்துவிட்டுப் போனாள், அடுத்த ஆவணியில் கல்யாணம் முடித்துவிட்டார்களாம், செங்கல் சூளையில் பார்த்தேன் என்று கறிக்கடைக்காரர் சொன்னார். அந்த டம்ளரைக் கழுவும்போதெல்லாம், எந்த டம்ளர் என்று தெரியாது, எல்லா டம்ளரும் ஒன்று போலத்தான் இருக்கிறது, ஆனாலும் கழுவும்போதெல்லாம். மணி என்ன ஆகிறது. வெயில் சன்னல் கம்பியைத் தாண்டிக் கீரைமேல் விழுந்திருக்கிறது, மூணேகால் இருக்கலாம், தொட்டிலில் அசைவு இல்லை.

நான் பார்க்க நினைக்கவில்லை. கவரைக் கீரைப் பச்சை படாமல் தள்ளி வைக்கத்தான் எடுத்தேன், தாள்கள் சரிந்தன, மேலே இருந்த தாளின் தலையில் வயசு, எத்தனை வருஷம் விளையாடுகிறீர்கள், ஆடும் இடம் என்று மூன்று கேள்வி. ஆடும் இடம், லெஃப்ட் கார்னர், பிரம்மசக்தி ஆடுகிற இடம். பேர் வேண்டாம் என்று சொன்ன அந்தப் படித்த பொண்ணு இதைக் கேட்டிருக்கிறாளே, ஒரு டீமுக்கு ஒரு லெஃப்ட் கார்னர்தான் என்று அவளுக்குத் தெரியாதா. பதினாலு தாளையும் விரித்துப் பார்த்தேன், லெஃப்ட் கார்னர் ஒன்றே ஒன்று. உச்சிமாகாளிக்குக் கையெழுத்தைப் பார்க்க வேண்டியிருந்தது, இதற்கு அதுகூட வேண்டாம். பிறகு படிக்காமல் எப்படி இருக்க. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், விரலை வைத்துக்கொண்டு. காயம்பட்ட வீரருக்குப் பயிற்சியாளர் ஓய்வு தர வேண்டும். எப்போதும், டிக் தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி. தவறு செய்தால் எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்க வேண்டும். ஒருபோதும் இல்லை. முடிவெடுக்கும் முன் வீரர்களின் கருத்தைக் கேட்க வேண்டும். எப்போதும். வலி இருந்தாலும் விளையாட வைக்க வேண்டும். ஒருபோதும் இல்லை, இதற்கு இரண்டு டிக். அவள் கோச் எப்படி வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறாள், சாரைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் படிக்கப் படிக்க ஒவ்வொரு வரியிலும் சார் நிற்கிறார், விசிலோடு நிற்கிறார், இப்படி வேண்டும் என்றால் இப்படி இல்லை என்றுதானே அர்த்தம். என்னிடமும் சொல்லியிருக்கிறாள், அடிச்சாக்கூடப் பரவால்லக்கா, எதுக்குன்னு சொல்லிட்டு அடிக்கணும். அம்மா போனபோது அவளுக்கு நாலு வயசு, எனக்குப் பத்து, அப்போதுதான் என் படிப்பை நிறுத்தினார்கள். தீப்பெட்டி ஒட்டப் போகும்போது தரையில் படுத்துக்கொண்டு என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள், இழுத்துக்கொண்டே வாசல் வரை போவேன், விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் விடுவாள். அந்தப் பிடியைத்தான் சார் பள்ளிக்கூட மேட்சில் பார்த்தார். வீட்டுக்கே வந்து எங்கள் அப்பாவுக்கு எதிரே கீழே உட்கார்ந்து, இந்தப் பிள்ளைய எங்கிட்ட தாங்க, போலீஸ் வேலைக்கு அனுப்பாம விடமாட்டேன் என்றார், அப்பா அழுதார். ஜெயித்தால் சாரும் அழுவார், ஓரமாய்ப் போய்த் துண்டில் மூஞ்சியைத் துடைப்பார். கெட்டவர் என்றால் சுலபமாக இருந்திருக்கும். இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தத் தாளைப் பார்ப்பார். பார்த்துத் திட்டமாட்டார். அதுதான் பயம், திட்டமாட்டார், மறுவாரம் லிஸ்டில் பேர் இருக்காது, பெட்டி, மெஸ் வழி, ஒரு வா தண்ணி.

அவள் விட்டுப்போன பென்சில்கள் டப்பாவில்தான் இருந்தன, பதினாலும். ஒன்றை எடுத்தேன். யாராவது வந்தால் டப்பாவை எடுத்து வைக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள், சமையல் பெரிய மாஸ்டர் அடுப்படியில் துண்டை விரித்துக் குறட்டை விடுகிறார். முதலில் ஒன்றே ஒன்றைத்தான் அழிப்பது என்று நினைத்தேன், அந்த இரண்டு டிக்கை. அழுத்தி எழுதியிருந்ததால் தடம் போகவில்லை, ரப்பரை எச்சில் தொட்டுத் தேய்த்தேன், தாள் லேசாகக் கறுத்தது, விரலில் இருந்த கீரைப் பச்சை வேறு. வலி இருந்தாலும் விளையாட வைக்க வேண்டும். எதில் போட? அஞ்சில் எது சாருக்குப் பிடிக்கும்? சார் தினமும் கத்துகிறதுதான், வலின்னு உக்காந்தவ வீட்டுல போயி கோலம் போடு. எப்போதும் என்று போட்டேன். மூன்றாவது வரிக்குப் பிறகு கீரை உருவுகிற மாதிரி ஆகிவிட்டது, வரியைப் படிக்க வேண்டியது, சாரின் மூஞ்சியை நினைக்க வேண்டியது, அந்த மூஞ்சி எதில் மலரும் என்று பார்த்துப் போட வேண்டியது. இது எனக்குத் தெரிந்த வேலை. வீட்டுக்காரர் ஊருக்கு வரும்போது, மாமியார் எதிரில் நிற்கும்போது, இதைத்தானே செய்கிறேன், மூஞ்சியைப் பார்த்துப் பதில். உனக்கு எது பிடிக்கும் என்று கட்டம் போட்டு என்னிடம் யாராவது தந்தால் எங்கே டிக் பண்ணுவேன், யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை, வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தது, இருபத்தைந்துக்கும் வெறும் கட்டம். காயம்பட்டவருக்கு ஓய்வு. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சும்மா விட்டுவிடலாமா. ஓய்வு என்ற சொல்லே சாருக்கு ஆகாது. சோம்பேறி என்று நினைப்பார், லிஸ்டில் இருந்து முதலில் போவது சோம்பேறிகள்தான். ஒருபோதும் இல்லை. போட்டுவிட்டேன். வெளியே பிள்ளைகள் பாடிப் போகப் பழகுகிற சத்தம், கபடி கபடி கபடி, மூச்சு விடாமல். எழுதி முடித்துத் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தேன். நல்ல பிள்ளையின் தாள். யாரும் குறை சொல்ல முடியாத பிள்ளை. தாளை நடுவில் செருகினேன், மேலே பத்து கீழே மூன்று, அப்பாடா என்றிருந்தது, அவளைக் காப்பாற்றிவிட்டேன், அவளுக்குத் தெரியவே போவதில்லை. ஈர்க்கைப் பொறுக்கி வாளியில் போட்டேன்.

நாலரைக்கு முன்னாலேயே வந்தார். படியில் உட்கார்ந்து கையை நீட்டினார், கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளினார், இது யாரு, பாடிப் போற ரைடரா, நண்பரைப் போலப் பழக வேண்டாமாம், எனக்கும் ஒன்னும் ஆச இல்லட்டி என்று தனக்குள் சிரித்தார். நான் கதவோரம் நின்று தள்ளுகிற விரலை எண்ணினேன். பதினொன்றாவதில் விரல் நின்றது. தலையில் இருந்ததைப் பார்த்தார், கீழே போனார், மறுபடி மேலே வந்தார். மூஞ்சி மலர்ந்தது. நான் நினைத்த அதே மலர்ச்சி. ஏ பிரம்மசக்தி, இங்க வா. அவள் காலை இழுத்துக்கொண்டு வந்தாள், பின்னாலேயே நாலைந்து பேர். காலைலேருந்து என் மண்ட வெடிக்கி, இவள எறக்கவா வேண்டாமா, டாக்டரு அப்படிச் சொல்லுதான், உக்கார வைப்போம்னுதான் நெனச்சிருந்தேன், பதிலுக்கு ஆளக்கூடச் சொல்லியாச்சு என்றார் சார். உக்கார வைப்போம். நான் அந்தத் தாளைத் தொடாமல் இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பாள். இங்க பாருங்கட்டி, இதப் பாத்துப் படிங்க, வலி இருந்தாலும் எப்போதும் விளையாட வைக்கணுமாம், ஓய்வு ஒருபோதும் வேண்டாமாம், இவளே கேக்கா, பெறகு நான் யாரு வேண்டாம்னு சொல்ல? வியாழக்கிழம நீதான் லெஃப்ட் கார்னர். பிரம்மசக்தி அவரைப் பார்த்தாள். நான் அப்படி எழுதல சார். பின்ன இது யாரு தாளு, டீம்ல எத்தன லெஃப்ட் கார்னர் இருக்கா? நான் அப்படிப் போடல சார், வேணும்னா அந்த மிஸ்ஸக் கேளுங்க... அவர் தாளை அவள் கையில் திணித்தார், பாரு, உன் எழுத்துதான? அவள் பார்த்தாள். லெஃப்ட் கார்னர் என்பது அவள் எழுத்துதான். அதற்குக் கீழே பார்த்தாள். அழித்த தடத்தை விரலால் தடவினாள், ஓரத்தில் இருந்த பச்சையைப் பார்த்தாள், பிறகு தலையைத் தூக்காமலேயே கண்ணை மட்டும் திருப்பி என் கையைப் பார்த்தாள். நான்தான் அழிச்சேன் சார். நான் சொல்ல வேண்டியது மூணு சொல். இப்போது சொன்னால் போதும், இப்போது, அவர் அடுத்த மூச்சு விடுவதற்குள், நான்தான், நான், உள்ளே பிள்ளை சிணுங்க ஆரம்பித்தாள், தாளைத் தொட்டவள் யார் என்று தெரிந்தால் இந்தத் தொட்டில் எங்கே, இந்த வேலை எங்கே, அதையும் அந்த நேரத்தில் நினைத்தேனே, நினைத்தேன். யாரு எழுதினா, சொல்லு, எவளாவது தாள்ல கைய வச்சாளா என்று சார் குரலை உயர்த்தினார். இல்ல சார் என்றாள் பிரம்மசக்தி. நான்தான் எழுதுனேன். முதல்ல ஒன்னு போட்டேன், பெறகு மாத்திட்டேன். அதாம் தெரியுதே, இதுக்கென்ன வெக்கம், இதாண்ட்டி பிளேயரு என்று அவர் அவள் பிடரியில் செல்லமாய்த் தட்டி, வா, ரெண்டு ரவுண்டு ஆடிப் பாப்போம், அந்தக் கால் கட்ட அவுரு, கட்டப் பாத்தா வாரவ எல்லாம் அந்தக் காலையே பாத்துப் பாடி வருவா, நாளன்னைக்கும் கட்டு இல்லாமத்தான் எறங்கணும், இன்னைக்கே பழகு என்றார். அவள் படியில் உட்கார்ந்து முட்டியில் சுற்றியிருந்த துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தாள். அவசரப்படவில்லை. உள்ளே தோல் வெளிறி வரி வரியாக இருந்தது. எழுந்து துணியை என்னிடம் நீட்டினாள், எக்கா, பிள்ள அழுதா பாரு என்றாள், அவ்வளவுதான் சொன்னாள், கோட்டைத் தாண்டி உள்ளே போய் இடது மூலையில் குனிந்து நின்றாள். துணி சூடாக இருந்தது. எதிர்ப்பக்கத்துப் பிள்ளை தொடையைத் தட்டிக்கொண்டு பாடி வர ஆரம்பித்தாள், கபடி கபடி, நேராக அந்த மூலைக்குத்தான் வந்தாள், நான் துணியின் ஒரு முனையைப் பிடித்துச் சுருட்டிக்கொண்டே இருந்தேன்.